ஊர்ப் பாட்டுக்கடை: தெரியாதவர்களுக்கு ஓர் அறிமுகம்

மேல்நாட்டில் ரெக்கார்டு ஸ்டோர் என்பார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கேசட் கடை என்றோம். தொழில் ஒன்றுதான். பாட்டு பதிந்த பொருளை மொத்தமாக வாங்கி வைத்து, கேட்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில்லறையில் விற்பது. அந்தப் பொருள் மட்டும் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்தது: அரக்குத் தட்டு, வினைல் தட்டு, கேசட், சிடி, எம்பி3 சிடி, மெமரி கார்டு. பிறகு பொருளே வேண்டாம் என்றாகி, பாட்டு நேராகப் போனுக்கு வந்துவிட்டது. அதோடு கடைகளும் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. சில இடங்களில் மட்டும் பிழைத்துக் கிடக்கின்றன. ஏன் மூடின, பிழைத்தவை எப்படிப் பிழைத்தன, இதில் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நமக்குப் போனது என்ன என்பதை, கேசட்டைக் கையில் தொட்டே பார்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

தனிக்கடை என்பது பெரிய நிறுவனத்தின் கிளையாக இல்லாமல், ஒருவரோ ஒரு குடும்பமோ சொந்த முதல் போட்டு நடத்தும் கடை. அமெரிக்காவின் டவர் ரெக்கார்ட்ஸ், பிரிட்டனின் எச்எம்வி, நம் நாட்டின் மியூசிக் வேர்ல்ட், பிளானட் எம் எல்லாம் தொடர் கடைகள். அங்கே என்ன சரக்கு வரவேண்டும் என்பது பெரும்பாலும் எங்கோ ஓர் அலுவலகத்தில் முடிவாகும். தனிக்கடையில் அந்த முடிவு கல்லாவில் உட்கார்ந்திருப்பவருடையது. எந்தக் கோயிலில் எப்போது கொடைத் திருவிழா, எந்தச் சர்ச்சில் எப்போது திருவிழா, எந்த ரூட் பஸ் டிரைவர் எந்த மாதிரிப் பாட்டு கேட்பார் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். கடையின் பெரிய முதலே இந்த அறிவுதான் என்று நான் நினைக்கிறேன். சினிமாப் பாட்டு எங்கேயும் கிடைக்கும். ஊருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஆள் அந்த ஊரில்தான் கிடைப்பார்.

தட்டுக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அது நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு வந்த காலம் இல்லை. கல்கத்தாவில் 1908இல் கிராமபோன் கம்பெனி இசைத்தட்டு ஆலை தொடங்கியது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு நாய் படம் போட்ட அந்தத் தட்டுகள்தான் நாட்டை ஆண்டன. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூட ஓடினால் மூன்றரை. 1948இல் அமெரிக்காவில் வந்த எல்பி என்ற வினைல் தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பதியலாம். தட்டை ஓட்டும் பெட்டியும் தட்டும் விலை கூடியவை. சாதாரண வீட்டில் இருக்காது. அதனால் தட்டு வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் மைக் செட்காரர்கள். கல்யாண வீடு, பால்காய்ப்பு என்கிற புதுவீடு புகுதல், கோயில் கொடை என்று எங்கே ஒலிபெருக்கிக் குழாய் கட்டினாலும் பாட்டு அவர்களுடைய பெட்டியிலிருந்துதான் வந்தது. மற்றவர்களுக்கு வானொலி. திருவனந்தபுரம், திருநெல்வேலி நிலையங்களோடு, கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலியும் இந்தக் கடற்கரைக்குத் தெளிவாக வந்துவிடும். எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்று ஊருக்குச் சொன்னது வானொலிதான்.

கேசட் வந்தபோது மாறியது என்ன

பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை 1963இல் வெளியிட்டது. நம் நாட்டில் அது வெள்ளமாகப் பாய்ந்தது 1980களில். குமரி மாவட்டத்துக்கு அது வந்த வழி தனி வழி: வளைகுடா. சவூதிக்கும் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் வேலைக்குப் போனவர்கள் விடுமுறைக்கு வரும்போது தோளில் ஒரு டூ-இன்-ஒன் செட்டோடு, அதாவது ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டியோடு வந்தார்கள். அந்த செட்டுக்குப் பாட்டு வேண்டும் அல்லவா? கடைகள் முளைத்தன. போன் பேசுவதற்குச் செலவு கூடுதல் என்பதால், வீட்டிலுள்ளவர்கள் ஒரு காலி கேசட்டில் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசி, பிள்ளையின் மழலையையும் பதிந்து, விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்பிய வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. அந்தக் காலி கேசட்டும் இதே கடையில் வாங்கியதுதான்.

இன்னொரு பக்கம், 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில் தொடங்கியது. ஒரு மாவட்டத்துக்கு அதன் பேச்சிலும் பாட்டிலும் ஒரு நிலையம் என்ற எண்ணம் முதலில் சோதிக்கப்பட்ட ஊர் இது. ஊர்க்காரர்கள் பாடுவதை ஊர்க்காரர்களே உட்கார்ந்து கேட்பார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கேசட் எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் கடையின் கணக்கும் புரியும். உள்ளே இருப்பது 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. அதன் ஒரு பக்கம் இரும்பு ஆக்சைடு மாதிரியான காந்தப் பொடி பூசியிருக்கும். செட்டில் இருக்கும் ஹெட் என்ற காந்த முனையை உரசிக்கொண்டு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நாடா ஓடும்போது, பொடியில் பதிந்த காந்தக் கோலம் ஒலியாக மாறும். 60 நிமிடக் கேசட்டில் இப்படி ஏறக்குறைய 90 மீட்டர் நாடா சுற்றியிருக்கும். 90 நிமிடக் கேசட் என்றால் அதே கூட்டுக்குள் நீளம் கூடுதல், ஆகவே நாடா மெல்லிசு. அதனால்தான் அது சீக்கிரம் சிக்கும். விவரம் தெரிந்த கடைக்காரர் "90 வேண்டாம், 60லேயே போடுங்க" என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

தட்டை ஆலையில்தான் அச்சடிக்க முடியும். கேசட்டையோ, இரண்டு கேசட் போடும் டபுள் டெக் ஒன்று இருந்தால் கடைக்குள்ளேயே பதியலாம். இதிலிருந்துதான் 'ரெக்கார்டிங் சென்டர்' என்ற தொழில் பிறந்தது. நமக்குப் பிடித்த பாட்டுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்போம். பக்கத்துக்கு ஆறோ ஏழோ பாட்டு. கடைக்காரர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மக்கா, இந்த ஏழாவது பாட்டு நீளம், பாதியில அறுந்துபோவும். வேற ஒண்ணு சொல்லு" என்பார். இரண்டு நாள் கழித்துப் போனால் பாட்டின் பெயரெல்லாம் பேனாவால் எழுதிய அட்டையோடு கேசட் கைக்கு வரும். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் காது இருக்கும். கொடுக்கும் முன் அதைக் கத்தி முனையால் உடைத்துவிடுவார். உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் தவறிப்போய்க்கூட யாரும் வேறெதையும் பதிய முடியாது. பின்னால் மனம் மாறினால் அந்த ஓட்டையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி மறுபடி பதியலாம். சின்ன விஷயம்தான், ஆனால் எவ்வளவு அறிவாகச் செய்திருந்தார்கள்!

இதில் சட்டச் சிக்கல் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கம்பெனியின் பாட்டை அனுமதி இல்லாமல் பதிந்து விற்பது குற்றம். 1984இல் சட்டத்தைத் திருத்தி, உரிமையாளரின் பெயர், ஆண்டு போன்ற விவரங்களைக் கேசட் மேல் அச்சிடவேண்டும் என்று வைத்தார்கள். ஆனாலும் பதிவுக் கடைகள் நாடெங்கும் நடந்தன. பாட்டை உருவாக்கியவர்களுக்கு அதிலிருந்து ஒரு பைசா போகவில்லை. அந்தக் குறை உண்மையானது.

ஊர்ச் சரக்கு

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்த இடத்தைத்தான். வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொடையில் சுடலைமாடன் கதையோ முத்தாரம்மன் கதையோ பாடத் தொடங்கினால் மணிக்கணக்கில் போகும். வில், உடுக்கு, குடம், தாளம், கட்டை எல்லாம் சேர்ந்து, பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு, கதை ஏறி இறங்கி வரும். அதை மூன்று நிமிடத் தட்டில் எப்படி அடக்க முடியும்? எல்பியில் பதியலாம் என்றால், ஆலை எங்கோ தூரத்தில். பெரிய எண்ணிக்கையில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். நான்கு பஞ்சாயத்து தாண்டினால் விற்காத ஒரு கதைப்பாட்டுக்கு எந்தக் கம்பெனி அப்படிச் செலவு செய்யும்? கேசட்டில் ஒரு மணி நேரம் பதியலாம், இரண்டு மூன்று கேசட்டாகவும் போடலாம், சில நூறு பிரதி எடுத்தாலே போதும். ஊர்ப் பாட்டுக்கு முதல்முறையாக ஒரு சந்தை கிடைத்தது கேசட்டால்தான்.

வில்லுப்பாட்டு மட்டுமா? சாமித்தோப்புத் திருவிழாவுக்கு அய்யாவழிப் பாட்டுகள், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கும் கடலோரப் பங்குகளின் திருவிழாக்களுக்கும் கிறிஸ்தவப் பாடல்கள், மண்டைக்காட்டு மாசிக் கொடைக்கு அம்மன் பாட்டு, தக்கலைப் பக்கம் இஸ்லாமியப் பாடல்கள், குறிப்பாக நாகூர் ஹனிபாவின் குரல். கார்த்திகை பிறந்துவிட்டால் அய்யப்பன் பாட்டு. அதில் தமிழோடு மலையாளமும் சேர்ந்து வரும். ஏனென்றால் இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டருக்குள், சென்னையோ ஏறக்குறைய எழுநூறு. கே. ஜே. யேசுதாஸ் 1980இல் தொடங்கிய தரங்கிணி திருவனந்தபுரத்தில்தான் இருந்தது. அவர்கள் வெளியிட்ட பக்திப் பாட்டும் ஓணப்பாட்டும் மார்த்தாண்டம், களியக்காவிளை கடைகளுக்குத் தமிழ்ச் சினிமாப் பாட்டு அளவுக்கே வேண்டிய சரக்கு. சென்னையிலோ எர்ணாகுளத்திலோ இருக்கும் ஒரு மேலாளர் இப்படி ஓர் அலமாரியை அடுக்கியிருக்க முடியாது. இரண்டு மொழி, மூன்று மதம், அதற்குள் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சாமி, ஒரு புனிதர். இது இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த கடைக்காரரால் மட்டும் ஆகிற வேலை.

சாய்ந்தது எப்படி

அமெரிக்காவில் தனிக்கடைகளை முதலில் அடித்தது பெரிய கடைகள்தான். 1990களில் டிவி, வாஷிங் மெஷின் விற்கும் பெருங்கடைகள், ஆளை உள்ளே இழுப்பதற்காகச் சிடியை அடக்க விலைக்கும் குறைத்து விற்றன. அப்புறம் 1999இல் நாப்ஸ்டர் வந்து பாட்டைக் கணினிக்குக் கணினி இலவசமாகப் பகிர வைத்தது. 2006இல் டவர் ரெக்கார்ட்ஸே அமெரிக்காவில் மூடியது; ஜப்பானில் அந்தப் பெயரில் கடைகள் இன்றும் நடக்கின்றன. நம் நாட்டிலும் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் மியூசிக் வேர்ல்ட் 2013இல் போனது. மும்பையில் 1940களிலிருந்து இருந்த ரிதம் ஹவுஸ் 2016இல் போனது.

நம் மாவட்டக் கதை வேறு. இங்கே கேசட் கடையைத் தொடர் கடை வந்து விழுங்கவில்லை. பாட்டு வைக்கும் பொருளின் கொள்ளளவுதான் விழுங்கியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 60 நிமிடக் கேசட்டில் ஐந்து நிமிடப் பாட்டு 12. எம்பி3 ஆக்கிச் சுருக்கினால் ஒரு பாட்டு ஏறக்குறைய 5 எம்பி. 700 எம்பி சிடி ஒன்றில் 140 பாட்டு. பன்னிரண்டு கேசட் விற்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு சிடி. அந்தச் சிடியும் பெரும்பாலும் நடைபாதையில் விற்ற திருட்டுச் சிடி. பிறகு மெமரி கார்டு. 4 ஜிபி கார்டில் 800 பாட்டு. அறுபது, எழுபது கேசட் வாங்கிச் சேர்க்க ஒருவருக்குப் பல வருஷம் ஆகும். அத்தனையும் விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லுக்குள் போய்விட்டது. மொபைல் கடைகள் கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதை ஒரு பக்க வேலையாகச் செய்தன. கேசட் கடைக்காரர்களில் பலர் இந்தக் கட்டத்திலேயே ரீசார்ஜ், ரிமோட், ஹெட்போன் என்று மாறிவிட்டார்கள். பெயர்ப் பலகையில் மட்டும் 'மியூசிக்கல்ஸ்' மிஞ்சியது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் அந்த ஏற்றிக் கொடுக்கும் வேலையும் முடிந்தது. பாட்டை வைத்திருக்கவே தேவையில்லை, கேட்கும்போது வந்தால் போதும் என்றாகிவிட்டது.

கேட்பவருக்கு இது லாபம்தானே என்று கேட்கலாம். சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டுச் செயலிகளுக்குச் சரக்கு கம்பெனிகளும் இணைய விநியோகஸ்தர்களும் கொடுப்பது. பாடியவர் யார், உரிமை யாருக்கு, எந்த ஆண்டு என்று விவரம் இருந்தால்தான் அங்கே ஏறும். அகஸ்தீஸ்வரம் பக்கம் ஒரு கொடையில் பதிந்து, சில நூறு பிரதி விற்ற கதைப்பாட்டுக் கேசட்டுக்கு அந்த விவரத்தை யார் கொடுப்பார்? பதிந்தவர் கடையை மூடிவிட்டார். மூலநாடா எந்தப் பரணில் கிடக்கிறதோ. கடை போனபோது சினிமாப் பாட்டு போகவில்லை, அதற்குப் போக ஆயிரம் வழி இருந்தது. ஊர்ப் பாட்டுக்குக் கடைதான் வழி, கடைதான் வீடு. சில பதிவுகளை ஆர்வலர்கள் யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மாவட்டம் கடன்பட்டிருக்கிறது.

பிழைத்தவை

பிழைத்த கடைகளைக் கவனித்தால், பாட்டைத் தவிர வேறொன்றையும் அவை விற்பது தெரியும். அமெரிக்காவில் தனிக்கடைக்காரர்கள் சேர்ந்து 2008 ஏப்ரல் 19 அன்று முதல் 'ரெக்கார்டு ஸ்டோர் டே' நடத்தினார்கள். அந்த நாளுக்கென்றே குறைந்த எண்ணிக்கையில் அச்சிடும் தட்டுகள் தனிக்கடையில் மட்டும் கிடைக்கும். விடியும் முன்பே வரிசை நிற்கும். இப்போது அது ஆண்டுதோறும் பல நாடுகளில் நடக்கிறது. 2022இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகள் சிடியைவிட அதிக எண்ணிக்கையில் விற்றன. 1987க்குப் பிறகு அப்படி நடந்தது அப்போதுதான். பழைய தட்டை வாங்கி விற்பதும் அங்கே நல்ல தொழில். டெல்லி சாந்தினி சௌக்கில் நியூ கிராமபோன் ஹவுஸ் பழைய தட்டுகளை வைத்தே பெயர் சொல்கிறது.

நாகர்கோவிலுக்கு அந்த வழி அப்படியே பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. தட்டு வாங்கிச் சேர்க்கும் பழக்கம் இங்கே வீடுகளில் வேர்விடவே இல்லை. இங்கே பிழைக்கும் வழி திருவிழாவைச் சுற்றி இருக்கிறது. கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் கடை போட்டு, பக்திப் பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றி விற்கிறவர்களைப் பாருங்கள். காரிலும் வேனிலும் மினி பஸ்ஸிலும் அது அப்படியே செருகிக்கொள்ளும். சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் பாடும். வயதானவர்கள் பொத்தானை அழுத்தினால் பாடுகிற பெட்டியைத்தான் விரும்புகிறார்கள். 2017இல் சரிகம கம்பெனி ஐயாயிரம் பழைய பாட்டு ஏற்றிய கார்வான் பெட்டியை விட்டபோது அது ஓடியதற்குக் காரணமும் அதுவே. இன்னொரு வழி, வீட்டுப் பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது. டெக் வைத்திருக்கிற, ஹெட் துடைக்கத் தெரிந்த பழைய கடைக்காரரைவிட இதற்குத் தகுந்த ஆள் யார்? இளைய பிள்ளைகளில் யாராவது அவரோடு சேர்ந்து இதைத் தொழிலாக எடுத்துச் செய்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். வேலை இருக்கிறது, நேரம்தான் குறைவு.

நேரம் குறைவு என்பதற்குக் காரணம் நம் மழை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. கடல் காற்றின் ஈரமும் உண்டு. பரணில் கிடக்கும் கேசட்டை எடுத்து நடுவில் உள்ள ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளின் மேல் வெள்ளையாகப் பொடிப்பொடியாகத் தெரிந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே செட்டில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஒட்டிப்போன நாடா அறுந்தும் போகும். முதலில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்து உலர்த்துங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது, கூடு வளைந்துவிடும். கூட்டைத் திருகாணி போட்டு மூடியிருந்தால் கழற்றி, நாடாவை வேறு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டி மூடிய கூடாக இருந்தால் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. நாடாவை ஹெட்டோடு சேர்த்து அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒலி மங்கலாகக் கேட்கும், நாடாவே போய்விட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுவோம்.

அரக்குத் தட்டு யார் வீட்டிலாவது இருந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு அதில் கரைந்துவிடும். எல்பியின் ஊசியை அதில் வைக்கவும் கூடாது, அதற்கு அகலமான ஊசி வேண்டும். தட்டு எதுவானாலும் நிறுத்தி வையுங்கள், படுக்கப்போட்டு அடுக்கினால் வளையும்.

கணினிக்கு மாற்றுவது கடினமில்லை. டெக்கிலிருந்து ஒலி வெளியே வரும் லைன் அவுட் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். முதலில் சுருக்காமல் வேவ் கோப்பாகவே பதியுங்கள்; எம்பி3 பிறகு எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். கோப்பின் பெயரிலேயே பாடியவர், ஊர், எந்தக் கொடை அல்லது திருவிழா, தெரிந்தால் ஆண்டு எல்லாம் எழுதிவிடுங்கள். அட்டையில் பேனாவால் எழுதியதைப் போட்டோ எடுத்துக் கூடவே வையுங்கள். நம் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது வருஷம். 1980, 90களின் ஊர்க் கேசட்டுகள் இன்னும் அந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஆகவே இணையத்தில் ஏற்றும் முன் கேசட்டை வெளியிட்டவரையும், பாடிய அண்ணாச்சியோ அக்காவோ அவர்கள் பிள்ளைகளோ யார் இருக்கிறார்களோ அவர்களையும் தேடிப் பிடித்து, ஒரு வார்த்தை கேட்டு, முடிந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கப் போன இடத்தில் பல தடவை இன்னும் நான்கு கேசட் வெளியே வரும்.